பூதத்தானுக்குத் தெரிந்த தமிழ்

டீ நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் மேடம். இஞ்சி கொஞ்சம் தூக்கல்தான். ஆனால் இந்த ஸ்டேஷனில் பதினைந்து வருஷமாக டீ குடிக்கிறவன் என்கிற முறையில் சொல்கிறேன், இதைவிட மோசமான டீயெல்லாம் இங்கே குடித்திருக்கிறேன்.

என் பெயர் பூதத்தான். வயது ஐம்பத்தெட்டு. சொந்த ஊர் திசையன்விளைப் பக்கம். தாராவிக்கு வந்து முப்பத்தாறு வருஷம் ஆகிறது. தொழில், சந்து முனையில் சின்னக் கடை போட்டு விண்ணப்பப் பாரம் எழுதுவது. ரேஷன் கார்டு, ஆதார் திருத்தம், பள்ளிக்கூடச் சேர்க்கை, எதுவானாலும் தமிழில் சொன்னால் மராத்தியிலும் இந்தியிலும் எழுதித் தருவேன். மராத்தி தெரிந்தாலும், வாக்குமூலம் என்பதால் எழுத்துத் தமிழிலேயே பேசுகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்க்கிற பரீஹாவுக்கு இது சிரமமாக இருக்கலாம். காயல்பட்டினத்துக் குடும்பம் என்றாலும் பிறந்து வளர்ந்தது செம்பூரில். தமிழ் பேச வரும், வாசிக்க வராது. என்னை அங்கிள் என்கிறாள், பரவாயில்லை. பரீஹா, ஒன்று மட்டும் கேட்டுக்கொள். நான் சொல்வதை அப்படியே சொல். ஒரு வார்த்தை கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். அடுத்தவர் பேச்சில் கைவைப்பது பெரிய பாவம்.

நான் வந்தது ஹவால்தார் சாய்நாத் விஷயமாக. எங்கள் சந்தில் புருஷன் பெண்டாட்டிச் சண்டையை விலக்கப் போய் வெட்டு வாங்கி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாரே, அவர். வெட்டின மாரிக்கண்ணன் உள்ளே இருக்கிறான். மற்றபடி இது யார் குற்றமும் இல்லை என்று ரிப்போர்ட் எழுதி முடித்துவிட்டீர்கள். அந்த ரிப்போர்ட்டில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்திக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன்.

எங்கள் சந்தில் வீட்டுச் சண்டை என்றால் முதலில் போலீஸ் வரும், கூடவே நான் வருவேன். ஊரிலிருந்து புதிதாகக் கட்டிக்கொண்டு வருகிற பெண்களுக்கு இந்தி தெரியாது. தெரிந்தவர்களுக்கும் அடி விழும்போது வாயில் வருவது தமிழ்தான். போலீஸுக்கோ தமிழ் தெரியாது. நடுவில் ஒரு ஆள் வேண்டும் அல்லவா? அந்த ஆள் நான். துபாஷி என்பார்கள். போலீஸ் சவுக்கியில் எனக்கென்று ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி உண்டு. எங்கள் சங்கத் தலைவர் வந்தாலே நிற்பார், நான் உட்கார்ந்திருப்பேன். சந்தில் நடந்து போனால், எதிரே வருகிறவன் பீடியைப் பின்னால் மறைப்பான். அதெல்லாம் சும்மா வருமா?

சாய்நாத் இந்த ஸ்டேஷனுக்கு வந்து ஆறு வருஷம். தங்கமான மனுஷன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவருக்குத் திருட்டு, அடிதடி எதற்கும் பயம் கிடையாது. வீட்டுச் சண்டை என்று போன் வந்தால் மட்டும் பெல்ட்டை ஒருமுறை இறுக்கிக்கொள்வார். "திருடன் போலீஸைப் பார்த்தா ஓடுவான் துபாஷி, புருஷன் ஓடமாட்டான். அது அவன் வீடு," என்று இந்தியில் சொல்வார். அதனால் அவருக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. வாசலிலேயே நின்று மூன்று கேள்வி. உள்ளே எத்தனை பேர், கையில் என்ன, குடித்திருக்கிறானா. நான் கேட்டு, பதில் வாங்கி, அவருக்குச் சொல்வேன். அப்புறம் நானே குரல் கொடுத்துப் புருஷனை வெளியே வரவழைப்பேன். அவர் உள்ளே காலெடுத்து வைக்கவே மாட்டார். எங்கள் வீடுகளில் அடுப்பும் படுக்கையும் ஒரே இடம். அரிவாள்மனை, அம்மிக் குழவி, கொதிக்கிற குழம்பு, எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். மாடி அறைக்கு இரும்பு ஏணி, சுவர் மாதிரி நட்டுக்குத்தலாக நிற்கும். ஏறுகிறவனின் தலைதான் முதலில் ஓட்டை வழியாக உள்ளே போகும், கையும் காலும் பிறகு. ஆறு வருஷத்தில் அந்த மனுஷன்மேல் ஒரு கீறல் விழுந்ததில்லை. என் வேலை சுத்தமாக இருந்தது.

மாரிக்கண்ணன் தோல் பை செய்கிற பட்டறையில் வெட்டு வேலை பார்க்கிறவன். அவன் பெண்டாட்டி இசக்கிசெல்வி, ராதாபுரத்துப் பக்கத்துப் பெண், வந்து இரண்டு வருஷம் ஆகிறது. முதல் தடவை போலீஸ் வந்தபோது அவள் வாசலில் நின்று நிறையப் பேசினாள். பீடியால் சுட்டது, ஏணியிலிருந்து தள்ளியது, ஒருநாள் முழுக்கப் பட்டினி போட்டுப் பூட்டியது, சான்பாடாவில் அண்ணன் இருக்கிறான் அங்கே கொண்டு விடுங்கள் என்றது, எல்லாம். பக்கத்து வீட்டுக் குக்கர் நாலு விசில் அடித்து ஓய்ந்துவிட்டது, அவள் ஓயவில்லை. நான் சாய்நாத்திடம், "குச் நஹீ சாப், கர் கா மாம்லா," என்றேன், ஒன்றுமில்லை, வீட்டு விவகாரம் என்று.

அவர் என்னையே பார்த்தார். "இத்தனை நேரம் பேசினாளே, அவ்வளவுதானா?"

"தமிழ் நீளமான பாஷை சாப்," என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். மாரிக்கண்ணனுக்குக் கன்னத்தில் இரண்டு அறை, எனக்கு ஒரு டீ. பிரச்சினை தீர்ந்தது.

நீங்கள் முகம் சுளிக்கிறீர்கள், மேடம். அவசரப்படாதீர்கள். அவள் சொன்னதை எல்லாம் சொல்லியிருந்தால் எஃப்ஐஆர் ஆகியிருக்கும். கேஸ், கோர்ட், குடும்பம் சிதறிப் போயிருக்கும். பதினைந்து வருஷத்தில் எங்கள் சந்திலிருந்து ஒரு பெண்கூட அண்ணன் வீட்டுக்குத் திரும்பிப் போனதில்லை. அதற்கு யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பதை நான் என் வாயால் சொன்னால் நன்றாக இருக்காது.

இரண்டாம் தடவை சாய்நாத் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். மூன்றாம் தடவை, "இவள் 'அண்ணன்'னு ஏழு தடவை சொன்னாள், நீ ஒரு தடவைகூடச் சொல்லலையே," என்றார். நாலாம் தடவைக்குப் பிறகு ஒரு காலையில் சவுக்கிக்குப் போகிறேன், மனுஷன் நாற்பது பக்க நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறார். முதல் பக்கத்தில் மேலே பிள்ளையார் சுழி வேறு. "துபாஷி, எனக்குத் தமிழ் சொல்லிக்கொடு. இன்றிலிருந்து நீதான் என் குரு," என்று எழுந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். எழுந்த வேகத்தில் என் நாற்காலியில் வைத்திருந்த அவர் பையை எடுக்கவில்லை. நான் நின்றுகொண்டே பாடம் எடுத்தேன்.

எனக்கு வயிறு பற்றி எரிந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது? ஒரு ஹவால்தார் தமிழ் பேசிவிட்டால் பூதத்தான் எதற்கு? பாரம் எழுத இப்போது மொபைலே போதும் என்கிறார்கள். எனக்கென்று மிச்சம் இருந்தது அந்த வாசல் ஒன்றுதான்.

ஆனால் ஒன்று, நான் பொய் சொல்லிக்கொடுக்கவில்லை. என் வாயில் தப்புத் தமிழ் வராது. 'பீச்சே ஹட்' என்பதற்கு என்ன என்று கேட்டார். தள்ளி நில் என்பது சரி. அவருக்கு நாக்கு புரளவில்லை. "சுருக்கமாகத் 'தள்ளு' என்றாலே போதும் சாப்," என்றேன். சுவரில் கையை வை என்பதற்கு, "'கை வை', அவ்வளவுதான்," என்றேன். எழுதிக்கொண்டார். கையில் என்ன என்று தனியாகக் கேட்க வேண்டாம், 'என்ன செய்றான்' என்று ஒரே கேள்வி கேட்டால் எல்லாப் பதிலும் அதற்குள் வந்துவிடும் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். ஒருநாள் அவராகவே, "பெண்கள் அடிக்கடி கத்தி, கத்தின்னு சொல்றாங்களே, என்ன அது?" என்று கேட்டார்.

"கத்தி என்றால் சத்தம் போட்டு. கத்தி அழுதான், கத்திப் பேசினான். சில்லாகே," என்றேன்.

சரிதானே? பரீஹா, நீயே சொல், அதில் பிழை உண்டா? கத்திக்கு அது ஒரு பொருள். இன்னொரு பொருளை அவர் கேட்கவில்லை.

பாடம் பலித்ததை முனிசிபல் குழாயடியில் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு பெண்கள் குடத்தோடு மல்லுக்கு நிற்க, சாய்நாத் நடுவில் புகுந்து, "தள்ளு! தள்ளு!" என்று அதட்டினார். போலீஸ்காரரே சொன்ன பிறகு யார் சும்மா இருப்பார்கள்? சொட்டச் சொட்ட நனைந்து சவுக்கிக்கு வந்து, "குருஜி, என் உச்சரிப்பு சரியாக இருக்கிறதா?" என்று கேட்டார். மிகச் சரியாக இருக்கிறது என்றேன். அதுவும் உண்மைதான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, மதியம். எங்கும் மீன் பொரிக்கிற வாசனை. மாரிக்கண்ணன் பட்டறைக் கத்தியை வீட்டுக்கே எடுத்து வந்திருந்தான். பிறை மாதிரி வளைந்த தோல் வெட்டும் கத்தி, எருமைத் தோலை வெண்ணெய் மாதிரி அறுக்கும். இசக்கிசெல்வி எப்படியோ ஏணியில் சறுக்கிக் கீழே வந்து தெருவில் நின்று போனைப் போட்டிருக்கிறாள். அவளுக்குத் தெரிந்த ஒரே இந்தி வாக்கியம் "புலீஸ் பேஜோ" என்பது. போலீஸை அனுப்பு என்று அதைச் சொல்லியிருக்கிறாள். சாய்நாத் வந்தார், கூட ஒரு பெண் கான்ஸ்டபிள். நானும் கை கழுவிவிட்டு வந்து சேர்ந்தேன்.

வழக்கப்படி அவர் என் பக்கம் திரும்ப வேண்டும். திரும்பவில்லை. நேராக அவளிடம் போய், "என்ன செய்றான்?" என்று கேட்டார். சுத்தமான தமிழ். சந்தே அசந்து போய்விட்டது. எதிரே செல்வத்தின் மீன் கடையில் எவனோ கைகூடத் தட்டினான்.

அவளுக்கு உதடு வீங்கியிருந்தது. மூச்சு வாங்கியது. "கத்தி, சார். கத்தி!" என்றாள்.

சாய்நாத்தின் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள். பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்தவன் முகம். மேலே மாரிக்கண்ணன் வேறு தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். "கத்தட்டும், கத்தட்டும். பயப்படாதே," என்று சொல்லிவிட்டு ஏணியில் கால் வைத்தார். ஆறு வருஷமாக ஏறாதவர். சத்தம் போடுகிறவன்தானே, ரெண்டு வார்த்தை தமிழில் பேசினால் அடங்கிவிடுவான் என்று நினைத்திருப்பார்.

இசக்கிசெல்விக்குத் தலை சுற்றியிருக்கும். "ஐயோ, ஏறாதிய சார்! கத்தி, கத்தி!" என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் அவள் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு ஏறினார். அவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும், அவருக்குச் சொல்லுங்க! மேல கத்தி வச்சிருக்கான்னு சொல்லுங்க!"

"அவருக்குத்தான் தமிழ் தெரியுமே தாயி," என்றேன்.

மறுபடி சொன்னாள். மறுபடியும் சொன்னாள். மூன்று தடவை. என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். நான் மெதுவாக அவள் விரல்களை விலக்கிவிட்டேன், புது வேட்டி. ஏணிக்கு மொத்தம் பதினோரு படி. ஒரு ஆள் ஏறி முடிக்கிற நேரம் இருந்தது. கத்தி இருக்கிறது என்று இந்தியில் சொல்ல, 'சாகூ ஹை சாப்', மூன்றே வார்த்தை போதும். ஏழாவது படியில்கூடச் சொல்லியிருக்கலாம்.

அவர் தலை ஓட்டைக்குள் போனது. அவர் குரல் தெளிவாகக் கேட்டது. கற்றுக்கொண்டதை வரிசை மாறாமல் சொன்னார். "தள்ளு," என்றார். "கை வை," என்றார்.

மாரிக்கண்ணன் வாழ்க்கையில் முதல்முறையாகப் போலீஸ் சொன்னதைக் கேட்டான்.

கத்தி காதுக்குக் கீழே ஆரம்பித்துத் தோள்பட்டைவரை வந்தது. தடுத்த வலது கையில் இரண்டு விரல்களின் நரம்பு போய்விட்டது. விழுந்தவர் அந்தப் பெண் கான்ஸ்டபிள்மேல் விழுந்தார். அவளுக்குத் தோள் எலும்பு முறிவு. இசக்கிசெல்விதான் தன் சேலைத் தலைப்பைக் கிழித்துச் சாய்நாத்தின் கழுத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள், ஆம்புலன்ஸ் வரும்வரை. டாக்டர், அவள் பிடிக்காவிட்டால் ஆள் இல்லை என்றாராம்.

ஆஸ்பத்திரிக்கு நான் போனேன். சாத்துக்குடி வாங்கிப் போனேன். தலையைத் திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் என் பக்கம் கொண்டுவந்து, "தப்பு என்னுடையது குருஜி. நீ சரியாகத்தான் சொல்லிக்கொடுத்தாய், நான்தான் சரியாகப் படிக்கவில்லை," என்றார். அந்த விரல்களால் இனி பேனா பிடிக்க முடியாது, நோட்டை நீயே வைத்துக்கொள் என்று கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். அப்போதும் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவை வரவில்லை. விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டியது.

பிறகுதான் உங்கள் ரிப்போர்ட் வந்தது, மேடம். சாட்சி என்ற முறையில் எனக்கும் ஒரு நகல் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டார்கள். மராத்தி எனக்கு நன்றாக வாசிக்க வரும் என்பதை எழுதியவர் மறந்துவிட்டார் போலிருக்கிறது. அதில் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி. 'துபாஷி பூதத்தானுக்குப் போதிய தமிழறிவு இல்லை. அறியாமையால் தவறான பொருளைக் கற்பித்துவிட்டார். உள்நோக்கம் ஏதும் இல்லை. நடவடிக்கை தேவையில்லை. இனி தமிழ் தெரிந்த ஒருவரைப் பயன்படுத்தவும்.'

தமிழ் தெரிந்த ஒருவரை!

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வரி எப்படிச் சந்துக்குள் வந்தது என்று தெரியவில்லை. செல்வம் மீன் வெட்டுகிற கத்தியைத் தூக்கிப் பிடித்து, "அண்ணாச்சி, இது என்னதுன்னு சொல்லுங்க பாப்போம்," என்கிறான். டீக்கடையில், "சத்தம் போடாதிங்கலே, அண்ணாச்சி கையக் கிழிச்சுக்கிடப் போறாக," என்கிறார்கள். என்னிடம் பாரம் எழுத வருகிற சொர்ணம்மாள், போன வாரம் வந்து, நீட்டின பாரத்தைத் திரும்ப மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "வேற ஆள்ட்ட குடுக்கேன் அண்ணாச்சி, பேரு தப்பாயிரும்," என்று சொல்லிப் போய்விட்டாள். முப்பத்தாறு வருஷம், மேடம். ஒரு புள்ளி பிசகினதில்லை.

அதனால் எழுதிக்கொள்ளுங்கள். அறியாமை இல்லை. கத்தி என்றால் கத்தி என்று எனக்குத் தெரியும். தள்ளு என்றால் மாரிக்கண்ணன் தள்ளுவான் என்று தெரியும். கை வை என்றால் எங்கள் ஊரில் எவனுக்குக் கை சும்மா இருக்கும் என்று தெரியும். அன்று அவன் கையில் என்ன இருந்தது என்பது எனக்கு இசக்கிசெல்வி சொல்வதற்கு முன்னாலேயே தெரியும். காலையில் அவன் அதைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு என் கடை வழியாகத்தான் போனான். வேலைக்கு லீவு நாளில் இது எதற்குடா என்று நான் கேட்கக்கூட இல்லை. எல்லாம் தெரிந்துதான் நின்றேன். தெரியாமல் நின்றான் என்று எழுதினால் அது பொய் ரிப்போர்ட்.

என்ன பரீஹா, மேடம் என்ன கேட்கிறார்கள்? இப்படிச் சொன்னால் ஜெயில், பழைய ரிப்போர்ட்படி வீடு, இரண்டில் எது என்று யோசித்துச் சொல்லவா? யோசித்துவிட்டேன். உள்ளே போகிறேன். அங்கேயும் நம் ஆட்கள் இருப்பார்கள், மராத்தி தெரியாதவர்கள். நீ எழுதியதை மட்டும் காட்டு. 'ஜாணூன் புஜூன்' என்று போட்டாயா? வேண்டுமென்றே, தெரிந்தே. ஆமாம், அதுதான். நன்றாக எழுதுகிறாய். எங்கே கையெழுத்து? தமிழிலும் போடுகிறேன், மராத்தியிலும் போடுகிறேன்.

வெளியே யார் அது, இசக்கிசெல்வியா? அவள் வாக்குமூலமும் இன்றைக்குத்தானா? கூப்பிடுங்கள், கூப்பிடுங்கள். வா தாயி, இப்படி உட்காரு. பயப்படாதே, நான் இருக்கேன்லா. மேடம், எழுதிக்கொள்ளுங்கள். இவள் என்ன சொல்கிறாள் என்றால், நடந்தது நடந்துவிட்டது, புருஷன்மேல் தனக்கு ஒரு வருத்தமும் இல்லை, வெளியே விட்டால் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறேன் என்கிறாள்.

பரீஹா, ஏன் பேனாவைக் கீழே வைத்துவிட்டாய்? அவள் இன்னும் வாயைத் திறக்கவில்லை என்கிறாயா?

அது எனக்கும் தெரியும்.